விலை குறைந்த ஹாம் ஹேண்டியை உருப்படியாகப் பயன்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பாவோஃபெங் யூவி-5ஆர் மாதிரி ஒரு ஹேண்டி, அதாவது ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்கான கைரேடியோ, கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். ஆன் செய்வார்கள், திரையில் ஏதோ ஒரு எண் தெரியும், பக்கவாட்டில் இருக்கும் பிடிடி (அழுத்திப் பேசும்) பட்டனை அழுத்தி "ஹலோ, யாராவது இருக்கீங்களா" என்று கூப்பிட்டுப் பார்ப்பார்கள். பதில் வராது. இரண்டு நாள் இப்படிப் போகும், அப்புறம் ரேடியோ மேசை டிராயருக்குள் போய்விடும். ரேடியோவில் எந்தக் கோளாறும் இருக்காது. யார் எந்த அலைவரிசையில் இருக்கிறார்கள், அவர்களுக்கு நம் குரல் போய்ச் சேர என்னென்ன அமைக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். இந்த ரேடியோவோடு வரும் கையேடும் அதற்கு உதவாது.

இங்கே நான் யூவி-5ஆரை வைத்தே சொல்கிறேன், மெனு எண்களும் அதனுடையவை. அதே குடும்பத்தில் வந்த மற்ற மாடல்களில் எண் ஒன்றிரண்டு மாறலாம், ஆனால் பெயரும் வேலையும் ஏறக்குறைய அதேதான். வேறு கம்பெனியின் மலிவு ஹேண்டியாக இருந்தாலும் வரிசை மாறாது: முதலில் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் ஆண்டெனாவைக் கவனியுங்கள், பேசுவது கடைசி. இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால்தான் பாதிப் பேர் சலித்துப் போகிறார்கள்.

லைசென்ஸ் பற்றி முதலிலேயே

அமெச்சூர் அலைவரிசைகளில் பேச லைசென்ஸ் வேண்டும். உலகத்தில் எங்கே இருந்தாலும் இதுதான் நிலை. தேர்வு எழுதி, கால்சைன் (உங்களுக்கென்று தரப்படும் அழைப்புக் குறி) வாங்கி, அப்புறம்தான் பிடிடி. கேட்பதற்கான விதி நாட்டுக்கு நாடு மாறும். சில நாடுகளில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், சில நாடுகளில் கருவியை வைத்திருக்கவே அனுமதி வேண்டும். அதனால் உங்கள் நாட்டு விதியைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

இந்த ரேடியோக்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். காரணம், இவை எதையும் தடுக்காது. யூவி-5ஆர் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், 400 முதல் 480 வரையிலும் (சில வகைகளில் 520 வரை) அழுத்தினால் ஒலிபரப்பிவிடும். ஹாம் ஆட்களுக்கு ஒதுக்கியது இதில் சின்னப் பகுதிதான். 2 மீட்டர் பேண்ட் என்பது ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் 144 முதல் 146 வரை, அமெரிக்கக் கண்டங்களில் 144 முதல் 148 வரை, ஆசியாவில் நாட்டைப் பொறுத்து இந்த இரண்டில் ஒன்று. மீதி இடத்தில் கப்பல்கள், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், போலீஸ் என்று பலர் இருக்கிறார்கள். 156.800 மெகாஹெர்ட்ஸ் கடலில் ஆபத்து அழைப்புக்கான சேனல். அங்கே "டெஸ்டிங், டெஸ்டிங்" என்று ஒருவர் பேசுவது விளையாட்டு அல்ல. ரேடியோ தடுக்காது என்பதால் அந்தத் தடுப்பு நம்மிடம்தான் இருக்க வேண்டும்.

பெட்டியைத் திறந்ததும்

ஆண்டெனாவைத் திருகிப் பொருத்துவதுதான் முதல் வேலை. அதன் அடிப்பகுதியைப் பிடித்துத் திருகுங்கள், நுனியைப் பிடித்து முறுக்க வேண்டாம். ஆண்டெனா இல்லாமல் பிடிடியை அழுத்தவே கூடாது. போக வேண்டிய சக்தி திரும்பி வந்து உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். இணைப்பான் எஸ்எம்ஏ வகை. வழக்கமான முறைக்கு மாறாக, இதில் ஊசி ரேடியோ பக்கம் இருக்கும், துளை ஆண்டெனா பக்கம் இருக்கும். பின்னால் வேறு ஆண்டெனா வாங்கும்போது இதைப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் பொருந்தாது.

பேட்டரி லித்தியம் அயன், 7.4 வோல்ட். ரேடியோவை அணைத்துவிட்டுச் சார்ஜர் தொட்டிலில் வையுங்கள், சிவப்பு விளக்கு பச்சையானதும் எடுத்துவிடலாம். திரையில் வரும் பேட்டரி படத்தை ரொம்ப நம்ப வேண்டாம், கடைசிவரை நிறைய இருப்பது போலவே காட்டிவிட்டுத் திடீரென்று இறங்கிவிடும். முக்கியமான இடத்துக்குப் போகிறீர்கள் என்றால் இன்னொரு பேட்டரி பையில் இருக்கட்டும். மழையிலும் கவனம் தேவை, இது தண்ணீர் தாங்கும் கருவி அல்ல.

பட்டன்களில் நான்கைத் தெரிந்துகொண்டால் போதும். ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் விஎஃப்ஓ/எம்ஆர் பட்டன், நாமே எண் அடிக்கும் நிலைக்கும் (விஎஃப்ஓ) சேமித்த சேனல்களின் நிலைக்கும் இடையே மாற்றும். ஏ/பி பட்டன், திரையின் மேல் வரி, கீழ் வரி இரண்டில் எது நமக்கு இப்போது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும். பக்கவாட்டில் பிடிடிக்குக் கீழே இருக்கும் மானிட்டர் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைத்துவைக்கும் அமைப்பு) திறந்து 'ஷ்ஷ்' என்ற இரைச்சலோடு எல்லாம் கேட்கும், ரொம்ப பலவீனமான சிக்னலைத் தேட இது உதவும். பிடிடிக்கு மேலே இருக்கும் பட்டனைச் சட்டென்று தட்டினால் சாதாரண எஃப்எம் வானொலி வரும், அழுத்திப் பிடித்தால் அபாய ஒலி அலறும். இந்த அலாரம் சில அமைப்புகளில் காற்றிலும் போய்விடும். ஆகவே மெனு 32-ஐ 'சைட்' என்ற நிலையில் வைத்துவிடுங்கள், அதில் ஸ்பீக்கரில் மட்டும் ஒலிக்கும்.

முதல் பத்து நிமிடத்தில் மாற்ற வேண்டியவை

மெனு பட்டனை அழுத்தி எண்ணை அடித்தால் நேரே அந்த இடத்துக்குப் போகும். மறுபடி மெனுவை அழுத்தினால் உள்ளே போகலாம், அம்புக்குறியால் மாற்றி, மெனு அழுத்தினால் சேமிக்கும், எக்ஸிட் அழுத்தினால் வெளியே வரலாம்.

மெனு 39, ரோஜர் பீப். இதை ஆஃப் செய்யுங்கள். பேசி முடித்ததும் அடிக்கிற அந்த ஒலி புதிதாக வந்தவர்களுக்கு அழகாகத் தெரியும், மற்ற எல்லோருக்கும் எரிச்சல். மெனு 4, விஓஎக்ஸ், அதாவது குரல் கேட்டதும் தானாக ஒலிபரப்புவது, இதுவும் ஆஃப். ஆன் செய்து மறந்துவிட்டால் பக்கத்தில் கதவு சாத்தும் சத்தம்கூட ஊருக்கெல்லாம் போகும். மெனு 14-இல் இருக்கும் குரல் அறிவிப்பு உங்கள் விருப்பம். ரேடியோவை ரீசெட் செய்த பிறகு சில சமயம் அது சீன மொழியில் பேசும், இங்கேதான் ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும்.

மெனு 0 ஸ்குவெல்ச், 2 அல்லது 3 சரியாக இருக்கும். மெனு 9 டைம்-அவுட்டை 120 விநாடியில் வைத்தால், உட்காரும்போது தெரியாமல் பிடிடி அழுந்திவிட்டாலும் இரண்டு நிமிடத்தில் ரேடியோ தானே நிறுத்திவிடும். மெனு 5-இல் வைடு, நேரோ என்று இரண்டு உண்டு. பெரும்பாலான ஹாம் ரிப்பீட்டர்களுக்கு (நம் குரலை வாங்கிப் பலமாகத் திருப்பி அனுப்பும் நிலையங்கள்) வைடு. "உங்க வாய்ஸ் ரொம்பச் சன்னமா வருது" என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இந்த மெனுவைத்தான்.

அப்புறம் மெனு 7, டிடிஆர். இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். திரையில் இரண்டு வரி இருப்பதால் உள்ளே இரண்டு ரிசீவர் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். கிடையாது, ஒன்றுதான். டிடிஆர் ஆன் என்றால் அந்த ஒரு ரிசீவர் மேலும் கீழும் மாறி மாறி எட்டிப் பார்க்கும். கீழ் வரியில் ஏதோ சிக்னல் வந்த நேரத்தில் நீங்கள் மேல் வரியில் பேசுவதாக நினைத்துப் பிடிடியை அழுத்தினால், பேச்சு கீழ் வரியின் அலைவரிசையில் போய்விடக்கூடும். தொடங்குபவர்கள் இதை ஆஃப் செய்துவிடுவதே நல்லது.

கேட்டுப் பழகுவது

இப்போது ஒன்றுமே பேசாமல் கேளுங்கள். எதைக் கேட்பது? உங்கள் பகுதியில் இயங்கும் ரிப்பீட்டர்களின் பட்டியலை எடுங்கள். ரிப்பீட்டர்புக் என்ற தளத்தில் உலகம் முழுவதும் உள்ளவை இருக்கின்றன, ஆனால் தகவல் பழையதாக இருக்கலாம் என்பதால் உள்ளூர் ஹாம் கிளப் ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கூடவே ஐரோப்பாவில் 145.500, அமெரிக்காவில் 146.520 என்று நேரடி அழைப்புக்கான அலைவரிசை ஒன்று எங்கும் இருக்கும், உங்கள் நாட்டுக்கான எண்ணையும் எழுதி வையுங்கள்.

விஎஃப்ஓ நிலையில், மேல் வரியில், ரிப்பீட்டரின் வெளியீட்டு அலைவரிசையை ஆறு இலக்கமாக அடியுங்கள். 145.600 என்றால் 145600. அடித்து முடித்ததும் திரையைப் பாருங்கள். மெனு 1-இல் உள்ள ஸ்டெப் (அலைவரிசை எத்தனை கிலோஹெர்ட்ஸ் படியாக நகரும் என்பது) பொருந்தாவிட்டால் ரேடியோ எண்ணைத் தன் இஷ்டத்துக்குப் பக்கத்து எண்ணாக மாற்றிவிடும், அப்படியானால் ஸ்டெப்பை 5 அல்லது 12.5 என்று மாற்றி மறுபடி அடியுங்கள். எண்ணை ஏற்கவே மறுத்தால் பேண்ட் பட்டனை ஒரு தடவை அழுத்திவிட்டு முயலுங்கள்.

நாள் முழுக்க யாரும் பேச மாட்டார்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரம், சாயங்காலம், அப்புறம் வாரம் ஒரு முறை குறித்த நேரத்தில் நடக்கும் 'நெட்', இந்த நேரங்களில்தான் நடமாட்டம் இருக்கும். நெட் என்பது ஒருவர் வரிசையாகக் கூப்பிட, மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கால்சைனைச் சொல்லிப் பதிவு செய்யும் கூட்டம். இதை நாலைந்து வாரம் கேட்டாலே எப்படி உள்ளே வருகிறார்கள், எப்படி விடைபெறுகிறார்கள், 'கியூடிஎச்' (இருக்கும் இடம்), 'கியூஎஸ்எல்' (கிடைத்தது), 'செவன்டி த்ரீ' (வாழ்த்துகள்) எல்லாம் எங்கே வருகிறது என்று தானாகவே காதில் பதிந்துவிடும். எந்தப் புத்தகமும் இதைச் சொல்லித் தர முடியாது.

ரிப்பீட்டர் எப்படி வேலை செய்கிறது

இது புரிந்தால்தான் அமைப்புகள் புரியும், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஹேண்டியின் சக்தி 4, 5 வாட்தான், அது தரையோடு போனால் கட்டடங்களில் மோதி முடிந்துவிடும். அதனால் மலை உச்சியிலோ உயரமான கோபுரத்திலோ ஒரு ரேடியோவை வைக்கிறார்கள். அது ஒரு அலைவரிசையில் உங்கள் குரலைக் கேட்டு, அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் பலமாகத் திருப்பி அனுப்புகிறது. நாம் கேட்பது அதன் வெளியீடு, நாம் பேச வேண்டியது அதன் உள்ளீட்டில். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் ஆஃப்செட். 2 மீட்டர் பேண்டில் இது பெரும்பாலும் 600 கிலோஹெர்ட்ஸ். வெளியீடு 145.600, ஷிஃப்ட் மைனஸ் என்றால் உள்ளீடு 145.000. 70 சென்டிமீட்டர் பேண்டில் (430 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) அமெரிக்காவில் 5 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 1.6 அல்லது 7.6 என்று இடத்துக்கு இடம் மாறும்.

மூன்றாவது விஷயம் டோன். உள்ளீட்டில் எந்த இரைச்சல் வந்தாலும் ரிப்பீட்டர் திறந்துகொண்டால் நாள் முழுக்க 'கர்ர்' என்று ஓடிக்கொண்டிருக்கும். அதைத் தடுக்க, பேச்சின் அடியில் மெல்லிய ஒரு ஒலியை நம் ரேடியோ சேர்த்து அனுப்ப வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இதற்கு சிடிசிஎஸ்எஸ் என்று பெயர். 67.0 ஹெர்ட்ஸிலிருந்து 254.1 ஹெர்ட்ஸ் வரை குறிப்பிட்ட எண்கள் உண்டு, 88.5, 100.0 இரண்டும் அடிக்கடி பார்க்கக்கூடியவை. ஸ்பீக்கரில் இது நம் காதுக்குத் தெரியாத அளவுக்கு வடிகட்டப்படும். ஆனால் சரியான டோன் இல்லாவிட்டால் நீங்கள் எத்தனை வாட்டில் கத்தினாலும் ரிப்பீட்டர் திரும்பிக்கூடப் பார்க்காது. "எனக்கு எல்லோரும் கேட்கிறார்கள், நான் யாருக்கும் கேட்கவில்லை" என்ற புலம்பலுக்குப் பத்தில் எட்டுத் தடவை காரணம் இதுதான்.

ரிப்பீட்டரைக் கையாலேயே சேமிப்பது

கம்ப்யூட்டர் வைத்துச் செய்வது சுலபம், அடுத்து அதைத்தான் சொல்லப் போகிறேன். ஆனாலும் ஒரு தடவையாவது கையால் செய்யுங்கள். வெளியூரில், கேபிள் இல்லாத இடத்தில், புதிய ரிப்பீட்டர் ஒன்றைச் சேர்க்க வேண்டி வரும்போது இது தெரிந்திருக்க வேண்டும். சேனல் 10-இல், வெளியீடு 145.600, மைனஸ் 600, டோன் 88.5 என்று வைத்துக்கொள்வோம்.

1. விஎஃப்ஓ நிலைக்கு வாருங்கள், ஏ/பி பட்டனால் மேல் வரியைத் தேர்ந்தெடுங்கள். கீழ் வரியிலிருந்து சேமித்தால் சரியாக அமையாது. டிடிஆர் ஆஃபில் இருக்கட்டும்.

2. மெனு 28-இல் போய்ச் சேனல் 10-ஐ அழியுங்கள். ஏற்கெனவே ஏதாவது இருந்தால் புதியது அதன்மேல் ஏறாது.

3. 145600 என்று அடியுங்கள்.

4. மெனு 26-இல் ஆஃப்செட், 000.600. மெனு 25-இல் ஷிஃப்ட், மைனஸ்.

5. மெனு 13-இல், அதாவது அனுப்பும் டோனில், 88.5. மெனு 11 என்பது பெறும் டோன், அதை ஆஃபிலேயே விடுங்கள்.

6. மெனு 27-இல் போய்ச் சேனல் 10-இல் சேமியுங்கள். இப்போது பெறும் அலைவரிசை மட்டும்தான் உள்ளே போயிருக்கிறது.

7. எக்ஸிட் அழுத்தி வெளியே வந்து, நட்சத்திரக் குறி உள்ள பட்டனை ஒரு முறை தட்டுங்கள். திரையில் 145.000 என்று மாறும். மறுபடி மெனு 27, மறுபடி சேனல் 10. இதுதான் அனுப்பும் அலைவரிசையைச் சேர்க்கும் படி, நிறையப் பேர் விட்டுவிடுவதும் இதைத்தான்.

8. நட்சத்திரப் பட்டனை இன்னொரு முறை தட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

ஆரஞ்சு பட்டனை அழுத்திச் சேனல் 10-க்குப் போய்ப் பாருங்கள், 145.600 பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறியும் சிடி என்ற எழுத்தும் தெரியும்.

சிர்ப் மென்பொருள்

128 சேனலையும் கையால் நிரப்புவது யாருக்கும் ஆகிற காரியம் அல்ல. சிர்ப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இதற்கு இரண்டு பின் உள்ள கென்வுட் வகை யூஎஸ்பி கேபிள் வேண்டும். கேபிளில்தான் எல்லாத் தொல்லையும். மலிவான கேபிள்களில் போலியான புரோலிஃபிக் சிப் இருக்கும், அதைப் புதிய டிரைவர் ஏற்றுக்கொள்ளாமல் முரண்டு பிடிக்கும். எஃப்டிடிஐ சிப் உள்ள கேபிளாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தலைவலி மிச்சம். இன்னொன்று, ரேடியோ பக்கத்துப் பின்னை நன்றாக உள்ளே அழுத்த வேண்டும், கடைசியில் 'டக்' என்று ஒரு சின்ன அசைவு தெரியும். அது தெரியாவிட்டால் முழுதாக உள்ளே போகவில்லை. 'ரேடியோ பதில் தரவில்லை' என்று திரையில் வரும் பிழைக்குப் பாதி நேரம் இந்த ஒரு மில்லிமீட்டர் இடைவெளிதான் காரணம்.

ரேடியோவை ஆன் செய்து, யாரும் பேசாத அலைவரிசையில் வைத்துவிட்டு, சிர்ப்பில் முதலில் ரேடியோவிலிருந்து டவுன்லோடு செய்யுங்கள். வந்த கோப்பை எதையும் தொடாமல் அப்படியே வேறு பெயரில் சேமியுங்கள். ஏதாவது குளறுபடி ஆனால் ரேடியோவைப் பழையபடி மீட்க இந்தக் கோப்பு வேண்டும். நண்பரின் ரேடியோவில் எடுத்த கோப்பை அப்படியே உங்கள் ரேடியோவில் ஏற்றாதீர்கள், உள்ளே இருக்கும் ஃபர்ம்வேர் வேறாக இருக்கலாம். அவருடைய சேனல் வரிகளை மட்டும் நகல் எடுத்து உங்கள் கோப்பில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அட்டவணையில் அலைவரிசை, ஏழு எழுத்துக்குள் ஒரு பெயர், டூப்ளெக்ஸ் என்ற இடத்தில் கூட்டல் அல்லது கழித்தல், ஆஃப்செட், டோன். டோன் மோடில் 'டோன்' என்பதையே தேர்ந்தெடுங்கள். 'டிஎஸ்கியூஎல்' என்று வைத்தால் நம் ரேடியோவும் டோன் வந்தால்தான் வாயைத் திறக்கும். ரிப்பீட்டர் தன் வெளியீட்டில் டோன் அனுப்பாவிட்டால் நமக்கு எதுவுமே கேட்காது, ரேடியோ கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

சிர்ப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த வசதி, டூப்ளெக்ஸ் இடத்தில் 'ஆஃப்' என்று போடுவது. அந்தச் சேனலில் பிடிடியை அழுத்தினாலும் ஒலிபரப்பு நடக்காது. கேட்பதற்காக மட்டும் வைத்திருக்கும் எல்லாச் சேனலுக்கும் இதைப் போடுங்கள். அமைப்புகள் பகுதியில் பேண்டின் கீழ் எல்லை, மேல் எல்லையையும் உங்கள் நாட்டு ஹாம் பேண்டுக்குள் சுருக்கிவிடலாம். வீட்டில் குழந்தைகள் கையில் எடுத்து அழுத்தினால்கூடப் பயம் இல்லை.

பேசும்போது

லைசென்ஸ் வந்துவிட்டது, கால்சைன் இருக்கிறது. சரி, முதல் அழைப்பு.

முதலில் யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று அரை நிமிடம் கேளுங்கள். பிடிடியை அழுத்தி, ஒரு நொடி விட்டு, அப்புறம் பேசத் தொடங்குங்கள். ரிப்பீட்டர் டோனைக் கண்டுபிடித்துத் திறக்க அந்த ஒரு நொடி வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் கால்சைனின் முதல் எழுத்து வெட்டுப்பட்டுப் போகும். மைக் உதட்டிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். நேராக ஊதினால் ப, ஃப எல்லாம் வெடிக்கும். சாதாரணக் குரல் போதும், கத்தினால் தெளிவு குறையும்.

ரிப்பீட்டரில் நீளமாகச் 'சிகியூ, சிகியூ' (யாராவது பதில் தாருங்கள் என்ற பொது அழைப்பு) என்று கூப்பிடும் வழக்கம் இல்லை. கால்சைனைச் சொல்லி "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றால் போதும், விருப்பம் இருப்பவர் வருவார். முதல் தடவை என்றால் "புதிதாக லைசென்ஸ் வாங்கியிருக்கிறேன், என் சிக்னல் எப்படி இருக்கிறது, யாராவது சொல்ல முடியுமா" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆசைப்படாத ஹாம் ஆட்களைப் பார்ப்பது அரிது. கால்சைனை ஆல்ஃபா, பிராவோ, சார்லி முறையில் எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பழகுங்கள். பேசாமல் பிடிடியை மட்டும் தட்டி ரிப்பீட்டர் திறக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் வேண்டாம், கால்சைனைச் சொல்லியே சோதிக்கலாம்.

ஒருவர் முடித்ததும் உடனே பாயாமல் இரண்டு நொடி இடைவெளி விடுங்கள். அவசரச் செய்தியோடு ஒருவர் அந்த இடைவெளிக்காகக் காத்திருக்கலாம். நீளமாகவும் பேச வேண்டாம், நிறைய ரிப்பீட்டர்கள் சுமார் மூன்று நிமிடத்தில் தாமே துண்டித்துவிடும்.

தூரமும் ஆண்டெனாவும்

"இது எத்தனை கிலோமீட்டர் எடுக்கும்?" என்று எல்லோரும் கேட்பார்கள். இந்த அலைகள் ஏறக்குறைய பார்வைக்கோட்டில் போகின்றன. ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோ தொடுவானம் கிலோமீட்டரில் வரும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஹேண்டியைப் பிடித்திருப்பவருக்கு இது 5 கிலோமீட்டர். அதே ஆள் சுற்றிலும் சமவெளி இருக்கும் 100 மீட்டர் குன்றின்மேல் ஏறினால் 41 கிலோமீட்டர். கட்டடங்கள் நெருக்கமான இடத்தில் இரண்டு பேர் தரையில் நின்று பேசினால் ஒன்றிரண்டு கிலோமீட்டரே பெரிய விஷயம்.

இப்போது சக்தியைப் பாருங்கள். 1 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு ஏற்றினால் 7 டெசிபெல்தான் கூடுகிறது, கேட்பவரின் சிக்னல் மீட்டரில் ஒரு எஸ் யூனிட்டுக்கு, அதாவது ஒரு படிக்கு, கொஞ்சம் மேல். மொட்டை மாடிக்கு ஏறுவது அதைவிட அதிகம் தரும். '8 வாட்', '10 வாட்' என்று அட்டைப்பெட்டியில் போட்டு விற்கும் மாடலுக்குப் பணம் கொடுப்பதற்குப் பதில் ஆண்டெனாவை மாற்றுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். ரிப்பீட்டர் பக்கத்தில் இருந்தால் குறைந்த சக்தியிலேயே பேசுங்கள். பேட்டரி நிற்கும், இன்னொரு நன்மையும் உண்டு. இந்த மலிவு ரேடியோக்களில் சில, ஒலிபரப்பும் அலைவரிசையின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கிலும் அனுமதித்த அளவுக்கு மேல் கசியவிடுகின்றன என்பது அளவிட்டுப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. இதே காரணத்துக்காக இதன் பின்னால் ஆம்பிளிஃபையர் மாட்டவே மாட்டாதீர்கள்.

கூட வரும் குட்டை ஆண்டெனா சுமார் 15 சென்டிமீட்டர்தான். 2 மீட்டர் பேண்டுக்குக் கால் அலை நீளம் என்பது ஏறக்குறைய 49 சென்டிமீட்டர். நீளமான ஆண்டெனா வாங்குவது நல்ல செலவு, ஆனால் நகோயா என்ற ஆண்டெனா பிராண்டின் பெயரில் போலிகள் ஏராளம், நம்பகமான விற்பனையாளரிடம் வாங்குங்கள். செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. 49 சென்டிமீட்டர் வயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையில் பிளாஸ்டிக்கை உரித்து, ஆண்டெனாவைக் கழற்றி, இணைப்பானின் வெளிப்புற உலோக வளையத்தைச் சுற்றி ஒரு கண்ணி போட்டு, அதன்மேல் ஆண்டெனாவைத் திருகிவிடுங்கள். வயர் ரேடியோவின் பக்கவாட்டில் வால் போலத் தொங்கும். நடு ஊசியை மட்டும் அது தொடவே கூடாது. ஆண்டெனாவுக்குத் தேவையான மறுபாதியை இந்த வால் கொடுக்கிறது, விளிம்பில் கரகரவென்று வரும் ரிப்பீட்டர் இதனால் தெளிவாகிவிடும். ஆண்டெனாவைச் செங்குத்தாகப் பிடியுங்கள். இடுப்பில் செருகிக்கொண்டு பேசினால் பாதி சிக்னலை உடம்பே குடித்துவிடும்.

மலிவு ரேடியோவின் உண்மையான பலவீனம் ரிசீவர்தான். எல்லாம் ஒரே சிப்பில், முன்னால் போதிய வடிகட்டி இல்லாமல். பக்கத்தில் பலமான ஒலிபரப்புக் கோபுரம் இருந்தால் காது அடைத்துக்கொள்ளும், அங்கே பெரிய ஆண்டெனாவை மாட்டினால் இன்னும் மோசமாகும். நகரத்தின் நடுவில் திடீரென்று எதுவும் கேட்கவில்லை என்றால் குட்டை ஆண்டெனாவை மறுபடி மாட்டிப் பாருங்கள், அல்லது கோபுரத்துக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு கட்டடம் வருமாறு நகர்ந்து நில்லுங்கள்.

ரிப்பீட்டர் திறக்காதபோது

டோன், ஷிஃப்டின் திசை, ஆஃப்செட், இந்த வரிசையில் பாருங்கள். மூன்றும் சரி என்றால் பிடிடியை அழுத்தியபடி திரையைப் பாருங்கள், உள்ளீட்டு அலைவரிசை தெரிய வேண்டும். மாறாமல் அதே எண் நின்றால் மேலே சொன்ன ஏழாவது படி விட்டுப்போயிருக்கிறது. எண் மாறுகிறது, இருந்தும் திறக்கவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள், ஜன்னலோரம், மாடி. இரண்டு ஹேண்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தால் ஒன்று மற்றதை அமுக்கிவிடும், நண்பரைப் பத்து மீட்டராவது தள்ளி நிற்கச் சொல்லுங்கள். எதுவுமே புரியாத நிலைக்குப் போய்விட்டால் மெனு 40-இல் ரீசெட் இருக்கிறது. 'ஆல்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சேனல்கள் எல்லாம் போய்விடும், சிர்ப் கோப்பு கையில் இருந்தால் கவலை இல்லை.

இதே ஹேண்டியில் விண்வெளி நிலையம்

1983-இல் கொலம்பியா விண்கலத்திலிருந்து ஓவன் கேரியட் என்ற விண்வெளி வீரர் டபிள்யூ5எல்எஃப்எல் என்ற தன் கால்சைனில் பூமியில் இருந்த ஹாம் ஆட்களோடு பேசினார். அவர் கையில் இருந்ததும் ஒரு 2 மீட்டர் ஹேண்டிதான். இன்று சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஹாம் ரேடியோ நிரந்தரமாக இருக்கிறது, அதைக் கேட்க இந்த மலிவு ரேடியோவே போதும். நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, நடுவில் கட்டடமோ மலையோ இல்லை, அதனால் சில வாட்டில் வரும் சிக்னல்கூட நன்றாக இறங்கும்.

குரலும், சில நாட்களில் படங்களும் 145.800 மெகாஹெர்ட்ஸில் வரும். நிலையத்தில் இருக்கும் ரிப்பீட்டரின் வெளியீடு 437.800, உள்ளீடு 145.990, டோன் 67.0. நிலையம் உங்கள் வானத்தைக் கடக்கும் நேரத்தைக் காட்டும் ஆப் ஒன்றைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். அது 90 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது, உங்கள் தலைக்கு மேல் வந்தால் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சுமார் பத்து நிமிடம். 40 டிகிரிக்கு மேல் ஏறும் கடப்புகளைத் தேர்ந்தெடுங்கள்.

மெனு 3-இல் இருக்கும் பேட்டரி சேமிப்பை ஆஃப் செய்யுங்கள், இல்லாவிட்டால் ரிசீவர் நடுநடுவே தூங்கி முதல் வார்த்தைகளை விழுங்கிவிடும். ஸ்குவெல்ச் 0. நிலையம் நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் பறப்பதால் அலைவரிசை இடம் மாறும். 145.800-இல் மாற்றம் மூன்றரை கிலோஹெர்ட்ஸ் அளவுதான், வைடில் வைத்தால் விட்டுவிடலாம். 437.800-இல் அது 10 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். அதனால் 437.810, 437.805, 437.800, 437.795, 437.790 என்று ஐந்து சேனலை வரிசையாகச் சேமித்து, நிலையம் எழும்போது மேலேயுள்ள எண்ணில் தொடங்கி, நெருங்கி வந்து விலக விலக ஒவ்வொன்றாகக் கீழே இறங்குங்கள்.

திறந்த வெளியில் நின்று, ஆண்டெனாவை நிலையத்தை நோக்கிக் குத்தாமல் அதற்குக் குறுக்காகச் சாய்த்துப் பிடியுங்கள், ஆண்டெனாவின் நுனியிலிருந்து சிக்னல் அதிகம் வராது. இரைச்சல் ஏறும்போதெல்லாம் மணிக்கட்டை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், அலையின் திசை மாறிக்கொண்டே இருப்பதால் ஒரு கோணத்தில் மங்கியது இன்னொரு கோணத்தில் பளிச்சென்று வரும். படம் அனுப்பும் நாட்களில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போனை வைத்து ரோபோ36 போன்ற ஆப்பை ஓடவிட்டால், கீச்சுக் கீச்சென்று வரும் அந்த ஒலி வரி வரியாகத் திரையில் படமாக விழும். ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம் ஆகும், ஒரு கடப்பில் இரண்டு முழுப் படம் கிடைத்தால் நல்ல அறுவடை. 145.800-இல் ஒருபோதும் பிடிடியை அழுத்தாதீர்கள், அந்தச் சேனலைச் சிர்ப்பில் சேர்க்கும்போதே டூப்ளெக்ஸ் இடத்தில் 'ஆஃப்' போட்டுவிடுங்கள்.